கொஞ்சம் இறக்கி வைத்த குமிழ்

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. கதவைக்கூட ஓசைப்படாமல்தான் சாத்துவேன். இப்படிப்பட்டவனுக்கு மைக் செட் வேலையா என்று அக்காவே கேலி செய்வாள்.

ஞாயிறு மாலை பொது மண்டபத்தில் யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம். அக்காதான் அதை நடத்தினாள். குறுக்கே யாரும் பேசக் கூடாது; பேசியவர் பதில் கேட்காமல் போகக் கூடாது. அவள் வைத்த சட்டம் அவ்வளவுதான்.

ஒரு வெல்டர் வாராவாரம் வந்தான். அகதி விடுதிக்காரர்களால்தான் ஊர் கெட்டது என்பான். காது கூசும். அக்கா பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு டீயை நீட்டுவாள்.

“தொண்டை வத்துற அளவுக்குத் திட்டுனியே, குடி. அங்க ஒரு ஆளையாவது நேர்ல பாத்திருக்கியா?”

“அதுவேற பாக்கணுமாக்கா?”

“ஒரு நாள் எங்கூட வா. திட்டுறதுக்குப் புதுசா நாலு விஷயம் கிடைக்கும்.”

அவன் சிரித்துவிட்டான்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. முன்வரிசையில் முதியவர்கள் இருந்தார்கள். அவன் பேசும்போது மைக்கின் ஒலிக் குமிழைக் கொஞ்சம் இறக்கினேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். என் ஹெட்போனில் அவன் குரல் முழுதாகக் கேட்கும். மண்டபத்தில் முணுமுணுப்பாக விழும்.

“என்னப்பா, சாமிகிட்ட வேண்டிக்கிறியா?” என்று பின்வரிசை சிரிக்கும். அவன் மைக்கைத் தட்டிப் பார்ப்பான்.

“வயர் பழசு, தம்பி,” என்பேன்.

நான் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒருவன் வாயால் பாவம் சேராமல் பார்த்துக்கொள்வதும் தர்மம்தானே.

கடைசி ஞாயிறு அக்காவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அவன் மேடையேறினான்.

“அக்காகூட விடுதிக்குப் போயிருந்தேன். நான் பேசுனதெல்லாம் தப்பு. என் கூட்டாளிங்க வெள்ளிக்கிழமை அந்த விடுதியைக் கொளுத்தப் போறாங்க. யாராவது தடுங்க.”

என் காதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. மண்டபம் கொட்டாவி விட்டது.

அவன் என்னைப் பார்த்தான். “அண்ணே, எல்லாருக்கும் கேக்குதா?”

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவன் நிம்மதியாக இறங்கிப் போனான்.

முதியவர்கள் பதறிவிடுவார்களே என்றுதான் குமிழை ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால், இத்தனை வாரம் இறக்கியது யார் என்றும் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒரு தாயும் அவள் இரண்டு பிள்ளைகளும் எரிந்த விடுதியிலிருந்து வெளியே வரவில்லை. அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். சொன்னேன் என்கிறான். மண்டபத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை என்கிறார்கள். இரண்டும் உண்மை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா அவன்?” என்று அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன்.

அவளிடம் இதை நீங்களே சொல்லுங்கள், ஐயா. நான் பக்கத்தில் இல்லாதபோது சொல்லுங்கள். சத்தம் போட்டு அழுவாள். எனக்கு அது ஆகாது.