கூரைக்குப் பதிலாக வந்த படம்

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் இடமில்லை, நின்றுகொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். மூத்தவள் கையில் மடித்த பத்திரிகை.

“கல்யாணச் சேலைய கட்டினதுதான்டி நாம செஞ்ச தப்பு,” என்றாள்.

“போட்டோ புடிக்க வாராங்கன்னா கந்தலையா கட்டுவாங்க, அக்கா? நான் கங்காணி வீட்டுல இரவல் வாங்கியில்ல கட்டினேன்!”

“நம்ம லயத்து வீட்டுக் கூரை விழுந்ததைப் புடிக்கத்தானே அந்தப் பேப்பர்காரரு வந்தாரு? நாம பவுடர் பூசிக்கிட்டு, புள்ளைங்களுக்குத் தலைசீவி, வரிசையா நின்னு சிரிச்சோம். அவரும் கூரைய விட்டுட்டு நம்ம மூஞ்சிய புடிச்சிட்டுப் போயிட்டாரு.”

“கீழ என்னா எழுதியிருக்காம்?”

“‘தோட்டத்தில் மகிழ்ச்சியான குடும்பங்கள்’னு வாத்தியாரு வாசிச்சாரு. தோட்டத்துத் தொரை இதையே நீட்டி, ‘இவங்களுக்கு என்னா குறை?’ங்கிறாரு. கூரைக்குச் சாக்கைக் கட்டிக்கிட்டு நாம எத்தன மாசம் படுக்கிறது? பெருமழை வந்தா புள்ளைங்கள எங்க போடுறது?”

இளையவள் பத்திரிகையை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

“சங்கத்துல சொல்லி வேற ஆள வரச் சொல்லுவோம், அக்கா. ஒருத்தரும் முன்னால நிக்க வேணாம். கூரைய மட்டும் புடிக்கட்டும்.”

“கூரைய மட்டும் புடிச்சா, அந்த லயத்துல ஆளே இல்லன்னு எழுதிப்புடுவானுங்கடி.”

“அப்ப என்னாதான் செய்ய?”

“மழை பேயுற அன்னைக்கு வரச் சொல்லு. நாம உள்ளுக்குத்தான் உக்காந்திருப்போம். வந்து புடிக்கட்டும்.”