நட்சத்திரக் குறிக்கு அனுமதி இல்லை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

திருவொற்றியூரில் இறால் உறைய வைக்கும் எங்கள் கிடங்கில் அம்மோனியா கசிந்தால், சுவரை ஒட்டிய தெருவுக்கு ஃபோனில் எச்சரிக்கை போக வேண்டும். அந்தச் செய்திகளுக்கு வழி அமைப்பது என் வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு எண்களையும் ஒவ்வொன்றாக எழுத நான் என்ன மடையனா? தெருவின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன். கல்யாணப் பத்திரிகையில் 'குடும்பத்துடன் வருக' என்று போடுகிறோமே, அதுபோல ஒரு குறிக்குள் எல்லோரும் அடக்கம்.

தொல்லை கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியால் வந்தது. கிடங்குக் கதவைத் திறந்தாலே கத்தி, தெருவுக்குச் செய்தி அனுப்பிவிடும். தெருவே செருப்பில்லாமல் ஓடிவந்து எங்கள் கேட்டில் நிற்கும். மேனேஜர் சாலமன் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார். மக்களுக்கும் பதற்றம் உடம்புக்கு ஆகாது அல்லவா? ஆகவே பாதுகாப்புச் சோதனை ஒன்று வைத்தேன். நட்சத்திரக் குறி போட்ட செய்தி எதுவானாலும் நான் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே போகும். சாலமன் கை குலுக்கினார். மூன்று மாதம் கேட்டில் ஈ காக்கை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்து என் திரையில் நின்றது. பக்கத்து மேசை மெர்லின் எரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நெசமாவே லீக் ஆவுது. அனுப்பாம குந்திகினு கீறீங்களே."

அனுமதிக்கிறவன் அவசரப்படக் கூடாது என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். கருவியைச் சரிபார்க்க ஆள் அனுப்பினேன். விதி என்றால் விதி.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த சுகிர்தம் அக்கா ஃபோன் பண்ணினாள்.

"நைனா, நாத்தம் மூக்கத் தொளைக்குது. மெசேஜ் ஒண்ணும் வர்லியே?"

"வர்லன்னா ஒண்ணும் இல்லக்கா. நீ உன் வேலயப் பாரு."

அவள் என் பேச்சைத் தட்டாதவள்.

அவளோடு சேர்த்து ஒன்பது பேர். வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் வீண் பயத்தில் ஓடிக் காலை உடைத்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. அதை எந்தப் பேப்பரும் எழுதவில்லை.

ஆம், அனுமதிக்க ஒரே பொத்தான். நாற்பது நிமிடம் நான் அதைத் தொடவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 'செய்தி யாருக்கும் போகவில்லை' என்று உங்கள் தாளில் இருப்பதை மட்டும் திருத்த வேண்டும், சார். அதே தெருவில்தான் என் வீடும். எங்கள் எண்ணை நட்சத்திரத்துக்குள் விடாமல் தனியாக எழுதியிருந்தேன். தனி எண்ணுக்குச் சோதனை கிடையாது. பத்து ஐம்பதுக்கெல்லாம் என் மனைவி எல்சி மகளை இழுத்துக்கொண்டு தண்டையார்பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அந்த மூன்று மாதத்தில் பதினேழு தடவை அவள் இப்படி வீணாக ஓடியிருக்கிறாள். ஒரு தடவைகூட நான் வேண்டாம் என்றதில்லை. உயிரைவிடப் பதற்றமா பெரிது, சார்?