படுகளத்தில் பீமன் சொன்ன வசனம்

டீ வேணாம் சார், வர வழியில குடிச்சிட்டுதான் வந்தேன். உக்காந்தே சொல்றேன், முட்டி வலி. பேரு தனசேகரன், ஊரு ஐயம்பேட்டை. பகல்ல ஷேர் ஆட்டோ ஓட்டறேன். திருவிழா சீசன் வந்துட்டா கூத்து. இருவத்திரெண்டு வருஷமா பீமன் வேஷம் கட்டறேன்.

போன வாரம் தென்னேரி தாண்டி ஒரு ஊர்ல பாரதம் முடிஞ்சி படுகளம் நடந்துச்சே, அங்க துரியோதனன் கட்டின விக்ரம் செத்துப்போனான். வெயில்ல விழுந்துட்டான், நெஞ்சடைப்புன்னு உங்க பைல்ல இருக்கும். அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன்.

விக்ரம் தங்கமான பையன். காஞ்சிபுரத்துல பட்டுக் கடையில புடவை பிரிச்சிக் காட்டற வேலை. என்னை அண்ணேன்னுதான் கூப்புடுவான். அவனுக்கும் எனக்கும் ஒரு வாய்த் தகராறு கெடையாது.

எனக்கு சினிமா ஆசை இல்லன்னு சொன்னா அது பொய். பதினோரு வருஷம் கோடம்பாக்கத்துக்கு பஸ் ஏறியிருக்கேன். ஒரு படத்துல கூட்டத்தோட நின்னேன். எங்கம்மா சம்பூர்ணத்தை தியேட்டருக்குக் கூட்டிக்கினு போயி, "அதோ, அந்தக் காது என்னோடதுமா"ன்னு காட்டினேன். அம்மா அழுதுச்சு. சந்தோஷத்துலதான் அழுவுதுன்னு நெனச்சேன்.

இந்த வருஷம் ஒரு டைரக்டரோட ஆளு கூத்து பாக்க வந்தான். எங்க ரெண்டு பேரையும் செல்லுல எடுத்துக்கினு போனான். பத்து நாள் கழிச்சி போன் வந்துச்சு, விக்ரமுக்கு. வில்லன் வேஷம், பெரிய படம், திங்கக்கெழம வரணும்னு.

படுகளத்துக்கு மொத நாள் அவன் என் ஆட்டோவுல உக்காந்து அழுதான். "அண்ணே, போவணும்னும் இருக்குது, பயமாவும் இருக்குது. இங்க துரியோதனன் வரான்னா ஊரே வழி விடுது. அங்க போயி வாட்ச்மேன் கிட்ட பேரு சொல்லிக்கினு நிக்கணும். பேசாம நீயே போயிடேன்"னான். அவன் வாயாலயே சொன்னது சார். அந்த ஊரு அவனைத் தின்னுடும்னு எனக்குத் தெரியும், என்னைத் தின்னுச்சே. என்னாட்டம் இன்னொருத்தன் ஆவக் கூடாதுன்னுதான் நெனச்சேன்.

அன்னிக்கே அந்த ஆளுக்குப் போன் போட்டேன். விக்ரமுக்கு இஷ்டமில்ல, நான் வரேன்னேன். "நீங்க யாருண்ணே?"ன்னு கேட்டான். பீமன்பான்னு சொன்னேன். அவனுக்கு ஞாபகம் வரல.

விக்ரமுக்கு வீசிங் உண்டு. தெரிஞ்சா எங்க கூத்து வாத்தியார் சிவபாலன் ராஜா வேஷம் தரமாட்டாருன்னு மறைச்சி வெச்சிருந்தான். எனக்கும் அவன் பொண்டாட்டி பிரவீனாவுக்கும்தான் தெரியும். துரியோதனன் உடுப்புல மார்க்கட்டை, புஜக்கட்டைன்னு எல்லாம் இறுக்கிக் கட்டியிருக்கும், மூச்சு பம்ப்பு வெக்க எடமிருக்காது. அதனால அது எப்பவும் என் இடுப்புத் துணியில இருக்கும்.

படுகளத்துல, படுத்துக் கெடக்கறாப்புல முப்பதடிக்கு மண்ணுல துரியோதனன் செஞ்சிருப்பாங்க. அதுமேல நாங்க ஓடி ஓடி சண்டை போடணும். நான் தொடையில அடிச்சதும் அவன் விழணும். விழுந்துட்டா, பாஞ்சாலி கூந்தல் முடிக்கற வரைக்கும் யாரும் அவனைத் தொடக் கூடாது. ஆவேசத்துல கெடக்கறான்னு ஐதீகம். அப்புறம்தான் மஞ்சத்தண்ணி தெளிச்சி எழுப்புவாங்க.

அன்னிக்கு உச்சி வெயிலு, கற்பூரப் பொகை, புழுதி. நான் அடிக்கறதுக்கு முன்னாடியே விழுந்துட்டான். கை என் இடுப்பைத் தேடுச்சு. வாயி தொறந்து தொறந்து மூடுச்சு. கூட்டம் கோவிந்தா போட்டுச்சு. அவங்களுக்கு என்னா தெரியும், பாவம்.

பிரவீனா கூட்டத்த தள்ளிக்கினு ஓடியாந்துச்சு. "அண்ணே, பம்ப்பு, பம்ப்பு"ன்னுச்சு. நான் கதாயுதத்த ஊணிக்கினு குறுக்க நின்னேன். "குடுத்துட்டேன்மா. இது ஆவேசம். தொட்டா குடும்பத்துக்கு ஆவாது"ன்னேன். பீமன் கொரல்லதான் சொன்னேன். அந்தப் பொண்ணு அப்படியே பின்னாடி போயி கையெடுத்துக் கும்புட்டுச்சு. வாத்தியார் கிட்ட வந்தாரு, அவரையும் ஒரு பார்வையில நிறுத்தினேன். கூந்தல் முடிக்க இருவது நிமிஷம் ஆச்சு. அதுல பாதியிலயே அவன் கை அடங்கிடுச்சு. பக்கத்துல நின்ன எனக்குத் தெரியாதா.

பம்ப்பு இந்தாங்க. அதுல மருந்து இன்னும் இருக்குது.

ஏன் இப்ப வந்தேன்னு கேக்கறீங்க. மனசாட்சிதான் சார். சோறு எறங்கல. எவனோ செல்லுல எடுத்துப் போட்ட வீடியோவ நீங்களும் பாத்திருப்பீங்க. நாலு லட்சம் பேரு பாத்துட்டான். கீழ எழுதறவன் அத்தினி பேரும், துரியோதனனாவே வாழ்ந்துட்டான், என்னா நடிப்புன்னு அவனப் பத்தியே எழுதறான். மூச்சு முட்டிச் செத்தவன் என்னாத்த நடிச்சான்? அவனைக் கட்டினவ மூஞ்சிக்கு நேரா, கண்ணு ஒரு தடவ தாழாம இருவது நிமிஷம் நின்னேனே, அதைப் பத்தி ஒருத்தன் ஒரு வரி எழுதல.

ஆமா, நான்தான் கொன்னேன். எங்க கையெழுத்து போடணுமோ போடறேன். ஆனா அந்த வீடியோவுல நடிச்சது நான் ஒருத்தன்தான்னு, அதையும் சேத்து எழுதிக்குங்க சார்.