மேடானில் கேட்ட சிக்னல்

துணி காயப்போடும் கயிறு நடுவில் தொய்யக் கூடாது. அது தெரிந்தால் போதும், ஆன்டெனா கட்டலாம். எங்கள் அமெச்சூர் வானொலிச் சங்கம் கட்டியது முந்நூறு மீட்டர். சுங்கை பாக்காப்பில், செம்பனைத் தோட்டத்துக்குள், மூங்கில் நட்டுக் கட்டினோம். ஜார்ஜ்டவுன் நகரம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். அங்கே வீட்டுக்கு வீடு மின்சாரம் இரைகிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசையில் அந்த இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். காயிலைச் சொல்லாமல் அங்கே வர முடியாது.

இவ்வளவு தாழ்ந்த அலைக்கு முந்நூறு மீட்டர் கம்பி எம்மாத்திரம். ஈடுகட்டப் பெரிய காயில், அதாவது கம்பிச் சுருள், வேண்டும். நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயின்மேல் கம்பியை ஐந்து வாரம் சுற்றினேன். அம்மா பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரை துடைத்துவிட்டு வந்து கம்பி உருளையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இந்தப் படிப்பு எதற்கு என்று அம்மா கேட்டதில்லை. சுற்று பிசகினால் மட்டும், "ஷேரன், பிரிச்சுட்டு மறுபடி சுத்தும்மா" என்பார்.

மார்ச் மாதக் கூட்டத்தில் செயலாளர் இத்ரீஸ் திரையில் என் பீப்பாயைக் காட்டினார். கீழே 'இத்ரீஸ் காயில்' என்று எழுதியிருந்தது. கைதட்டினார்கள்.

"அண்ணே, அது நான் சுத்துனது."

"சங்கத்துது லா, தங்கச்சி. உன்னுது என்னுதுன்னு என்ன? ஃபேனுக்குக்கூடத்தான் காயில் சுத்துறாங்க. அவங்க பேரையா போடுறோம்?"

முப்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மற்ற எதற்கும் அப்படித் தோன்றவில்லை.

சோதனை ஒரு ஞாயிறு காலை பத்தரைக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் மேடானில் யூசுப் என்பவர் கேட்பதாக ஏற்பாடு. கணினி நொடி பிசகாமல் தொடங்கி அரை மணி நேரம் அனுப்பும். அவ்வளவு நேரம் சேர்த்துக் கேட்டால்தான் அவ்வளவு மெல்லிய சிக்னல் பிடிபடும். அனுப்பும் பெட்டியிலிருந்து போவது நூறு வாட், பழைய குண்டு பல்பு அளவு. காயிலைத் தாண்டிக் கம்பிக்குப் போகும்போது பத்தாயிரம் வோல்ட்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கம்பியைத் தொட ஏணியில் ஏறுகிறவர் பெட்டியின் சாவியைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். சாவி இல்லாமல் பெட்டி ஓடாது. இத்ரீஸ் ஒவ்வொரு சோதனைக்கும் கால் மணி முன்பு ஏறி, கம்பியைப் பிடித்தபடி, சாவி தெரியப் படம் எடுத்துக்கொள்வார்.

அன்று எல்லாரும் ரொட்டி சானாய் சாப்பிடும்போது சாவித்துளைக்குப் பின்னால் விரல் நீள வயர் ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இனிச் சாவி இல்லாமலும் பெட்டி ஓடும். கணினியில் நேரத்தைப் பத்தேகாலுக்கு மாற்றினேன். யூசுப்புக்கும் செய்தி அனுப்பினேன்: பத்தேகால், அனுப்புபவர் ஷேரன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபத்தில் கை நடுங்கும், ஈயம் பிடிக்காது.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, கம்பிமேல் ஒரு ஓலை சாய்ந்திருப்பதை இத்ரீஸ் பார்த்தார். அன்று அவருக்கு முட்டி வலி. சங்கத்தில் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஹுஸ்னாவைக் கூப்பிட்டார். பத்தொன்பது வயதுப் பெண்.

"தங்கச்சி, ஏறி அத விலக்கிடு லா. அப்படியே உன்னைய ஒரு படம் எடுப்போம்."

"ஷாக் அடிச்சா எங்கம்மாக்கு யாருண்ணே பதில் சொல்றது?"

"சாவி உன் கழுத்துல. இப்ப நீதான் முதலாளி, போ."

அலுமினிய ஏணி. அவள் ஏறும்போது என்னிடம் இரண்டு நிமிடம் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும். விரலை அதன்மேல் வைத்தேன். நிறுத்தினால் பத்தரைக்கு இத்ரீஸ் தொடங்குவார். மேடான்வரை போன முதல் சிக்னல் இத்ரீஸ் காயிலில் போனதாக இருக்கும். அம்மா பிடித்த உருளை இத்ரீஸுடைய உருளையாகிவிடும்.

விரலை எடுத்துவிட்டேன்.

பத்தேகாலுக்கு அவள் இடது கை கம்பியில் இருந்தது. காயில் கொசு மாதிரிப் பாடத் தொடங்கியது. அவள் விழுந்த கூச்சலில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. ஏணி வழுக்கிவிட்டது என்றார்கள். கழுத்தில் சாவி கிடந்ததால் பெட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாமான்களுக்குக் காவல் வேண்டும் என்று நான் இருந்துகொண்டேன். பத்தேமுக்கால்வரை ஓடவிட்டேன்.

யூசுப் அனுப்பிய படத்தில் எங்கள் சிக்னலின் கோடு தெளிவாக விழுந்திருக்கிறது. தொடக்கத்தில், அவள் கை கம்பியில் இருந்த நேரத்துக்கு, ஒரு சின்ன இடைவெளி, அவ்வளவுதான். கீழே என் பெயர். அன்றைக்கே அம்மாவிடம் காட்டினேன்.

ஹுஸ்னா செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். வயரை வைத்தது நான். நேரத்தை மாற்றியது நான். அவள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான். மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவளை ஏணியில் ஏற்றியது இத்ரீஸ். அதை முதலில் எழுதுங்கள்.