அவர் எனக்காகச் செய்துகொண்டது

பழைய சோபாவைப் பிரித்தால் உள்ளே சீப்பு, சாவி, பேனா மூடி என்று ஏதாவது கிடைக்கும். எல்லாவற்றையும் உடையவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். குழந்தைகளின் பொம்மை கிடைத்தால் மட்டும் கொடுக்க மாட்டேன். நான் செய்த ஒரே திருட்டு அதுதான், மேடம்.

வீட்டின் முன்னறையில்தான் எங்கள் தொழில். என் கணவர் சோபாச் சட்டங்களைப் பழுதுபார்ப்பார். நான் உறை வெட்டித் தைப்பேன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். வாசலில் பூனை படுத்திருந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

எனக்கு நான்கு முறை கரு தங்கியது. நான்கும் கலைந்தது. கடைசி முறை ரத்தம் நிற்கவே இல்லை. டாக்டரம்மா அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

"உடம்பைத் தேத்தச் சொன்னாங்க, அவ்வளவுதான்" என்றார் என்னிடம்.

தேற்றினேன். நாற்பதைத் தாண்டியும் விடவில்லை. கண் விழித்ததும் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொள்வேன். கரு தங்கும் நாளையொட்டி உடம்புச் சூடு மாறுமாம்; அவரை எந்த நாளில் கூப்பிடுவது என்று அதுதான் சொல்லும். அவரும் மறுக்காமல் வருவார். மாதாமாதம் குளியலறையில் உட்கார்ந்து அழுவேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அடுத்த மாசம் பாப்போம்மா" என்பார்.

போன வாரம் ஒரு புது டாக்டரைப் பார்த்தேன். கணவரையும் டெஸ்டுக்கு அழைத்து வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும், அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேம்மா. நாலாவது போனப்பவே. இன்னொண்ணு தங்கினா நீ பொழைக்க மாட்டேன்னு சொன்னாங்க. சொன்னா நீ கேக்கமாட்டே. எனக்கு நீ இருந்தாப் போதும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு மட்டும். அவங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் குனிந்து அழுதுகொண்டிருந்தார். நான் சுத்தியலை எடுத்தேன். முதல் அடிக்கு என்னை ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தார். அடுத்த அடியைக் கையால் தடுத்தார், விரல்கள் நொறுங்கின. "வேணாம்மா" என்றார். அப்போதும் அதிராமல்தான் சொன்னார். முகம் யாருடையது என்று தெரியாமல் போகும்வரை அடித்தேன். பழகிய முகம் அல்லவா, தெரிந்தால் மனசு கேட்காது.

பிறகு நாத்தனாருக்குப் போன் செய்தேன். "அண்ணி, அவருக்குத் திடீர்னு முடியல. கொஞ்சம் வர்றீங்களா?"

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தம்பியின் மேல் விழுந்து கதறினார். முடியைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"உங்க மடியில படுத்து எத்தனை தடவை அழுதேன், அண்ணி. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே."

"உன் உயிரைக் காப்பாத்தத்தான்டி..." என்றார்.

துணி வெட்டும் கத்தரி நல்ல கனம். கழுத்தில் ஒரே குத்தில் இறங்கிவிட்டது. அவரை அதிகம் நோகவிடவில்லை. மூன்று பிள்ளை பெற்ற உடம்பு.

இரண்டையும் நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் வண்டியில் ஏற்றும்போது உங்கள் ஆட்கள் என்னை இழுக்காமல், தள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மேடம். இந்த மாதம் எனக்குத் தள்ளிப்போயிருக்கிறது. வயசு அப்படி என்பீர்கள். இல்லை. அந்த ஆபரேஷன் எல்லோருக்கும் பலிப்பதில்லையாம், கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த முறை தங்கிவிடும்.

குழந்தை அவர் ஜாடையில் பிறக்க வேண்டும் என்றுதான் எனக்கு எப்போதும் ஆசை.