தொட்டில் கட்டிய கள்ளி

— கண்ணைக் கசக்காதீங்க மாமா. கையை எடுங்க. குனிஞ்சி, குழாய்க்கு நேரா கண்ணைத் தொறங்க.

— தொறக்க முடியலியே காயத்ரி! மொளகாப்பொடிய அள்ளிக் கொட்டுன மாதிரி எரியுது. குறிஞ்சிப்பாடிலேந்து சிதம்பரம் வர்றதுக்குள்ள உசுரே போயிடுச்சி.

— வழியில ஆஸ்பத்திரியே இல்லியா? நேரா இங்க ஏன் வந்தீங்க?

— காலேஜுல செடி கொடி பத்திப் பாடம் நடத்துறவ நீதானே. தங்கச்சிகிட்ட போங்க, அவளுக்கு மருந்து தெரியும்னு உங்க அக்காதான் சொன்னா.

— மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணிதான். நல்லா ஓடவிட்டுக் கழுவிட்டு உடனே கண் டாக்டர்கிட்ட போவணும். எந்தச் செடிப் பால் பட்டுச்சி?

— தோ பாரு, ஏதோ வேலிக் கள்ளி.

— வேலிக் கள்ளியில எலையைத் தேடணும். உங்க சட்டையில ஒட்டியிருக்கிற எலை உள்ளங்கை அகலத்துக்கு இருக்கு. கோயில் காட்டுக்குள்ள போனீங்களா?

— போனேன்.

— நான் துணி கட்டி வெச்சிருந்த செடி?

— தோ பாரு, நான் வெட்டணும்னு போவல. ஜேசிபி ஓட்டுற சார்லஸ்தான் தள்ள வேண்டியது. அவன் கிட்டப் போய்ப் பாத்துட்டு எறங்கி நின்னுட்டான். கெளைக்குக் கெளை வலைத்துணி தொங்குது, புள்ளை வரம் கேட்டு யாரோ தொட்டில் கட்டியிருக்காங்க, நான் கை வெக்க மாட்டேன்னுட்டான்.

— அது தொட்டில் இல்ல. வெதை புடிக்கிற பை. காய் முத்துனா பட்டுனு வெடிக்கும், வெதை எங்கியோ தெறிச்சி ஓடிடும். கெடைக்கிறதையும் எறும்பு இழுத்துட்டுப் போயிடும்.

— அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவன் மாட்டேன்னான், நானே அருவாளை எடுத்தேன். ரெண்டே வெட்டு. பால் மூஞ்சில பீச்சி அடிச்சிது.

— வியாழக்கெழம அந்த அபூர்வச் செடியைப் பாக்கக் கடலூர்லேந்து வனத்துறை ஆபீசர் வரப் போறாங்க. அது தெரிஞ்சிதானே வெட்டுனீங்க?

— தெரிஞ்சிதான். அந்தச் செடி நிக்கிறதைப் பாத்துட்டா காட்டுல கை வெக்க வுடுவாங்களா, அப்பறம் நாங்க அங்க கட்டப்போற கல்யாண மண்டபம் ஏது? ஊர்ல ஒரு கல்யாணம்னா வடலூருக்கு ஓட வேண்டியிருக்கு. தலைவர்னு என்னை ஒக்கார வெச்சிருக்காங்க, நான் என்ன பதில் சொல்றது? அதுவுமில்லாம, உன் மாடியிலதான் தொட்டி தொட்டியா அதே செடி இருக்கே. பொங்கலுக்கு வந்தப்ப நீதானே காட்டுன. இங்கதான் வளருதே, அங்க எதுக்கு?

— இங்க இருக்கிறது அத்தனையும் ஆண்.

— செடியில ஏது ஆணும் பொண்ணும்?

— பப்பாளியில இல்லியா? அந்த மாதிரிதான். கொளத்துப் பக்கம் நின்னதெல்லாம் ஆண்செடி. அதுலேந்து குச்சி வெட்டியாந்து, பால் சுண்டுற வரைக்கும் நெழல்ல காய வெச்சி, ஆத்து மணல்ல நட்டேன். தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியானாலும் அழுவிடும். பாதி அப்படித்தான் போச்சு. அந்தக் காட்டுல பொண்ணுன்னு நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான். அதைத்தான் நீங்க வெட்டியிருக்கீங்க.

— அதுலேந்தும் ஒரு குச்சி எடுத்து வெச்சிருக்கலாமேம்மா.

— இந்த வருஷந்தான் மொதமொதல்ல காய் புடிச்சிது. குச்சி வெட்டுனா காய் உதுந்துடுமேன்னு தொடாம இருந்தேன்.

— தோ பாரு... எனக்கு யாரும் சொல்லல.

— ஊர்க்கூட்டத்துல நின்னு நான் சொன்னேன் மாமா. நீங்க அப்ப போன்ல பேசிட்டிருந்தீங்க.

— எரியுது காயத்ரி.

— எரியும். அடுத்த கண்ணைக் காட்டுங்க. வெட்டுனதையெல்லாம் எங்க போட்டீங்க?

— ஏன்?

— கள்ளிச் சாதியை வெட்டுனா ஒடனே சாவாது. வெட்டுன எடத்துல பால் காஞ்சி மூடிக்கும். அப்பறம் நட்டாலும் வேர் வுடும். சொல்லுங்க, எங்க போட்டீங்க?

— வேரோட சேத்து எரிச்சிடுன்னு சொல்லிட்டு, கண்ணை மூடிக்கிட்டே வண்டியில ஏறிட்டேன்.

— எரிச்சிட்டாங்களா!

— ஊரைத் தாண்டுறப்பவே பொகை வாசனை வந்துச்சி. எரிச்சிருப்பான்.

— யார்கிட்ட சொன்னீங்க?

— சார்லஸ்கிட்டத்தான்.

— உங்களை இங்க யார் கூட்டியாந்தது?

— அவன்தான். டாட்டா ஏஸை எடுத்துட்டு வந்தான். கீழ நிக்கிறான்.

— சார்லஸ்! சார்லஸ் அண்ணே, கொஞ்சம் மேல வாங்க! அந்தச் செடியை எரிச்சீங்களா?

— இல்லீங்க மேடம், அதுக்கெல்லாம் நேரம் ஏது? எந்தச் செடின்னு கண் டாக்டரு கேப்பாரேன்னு, ஒரு குச்சி விடாம பொறுக்கி சாக்குல கட்டி வண்டியில போட்டாந்திருக்கேன். எங்க எறக்கட்டும்?