மேகம் மோகமான புத்தகம்

பெயரும் முகவரியும் மேலே எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தாறு. மின்னூல் தயாரித்து இணையத்தில் விற்பது என் தொழில். புகார்தாரர் என் தங்கையின் கணவர்.

எங்கள் அப்பா வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர். மேகங்களைப் பற்றி அவர் எழுதிய ஒரே புத்தகத்தின் உரிமை, அவருக்குப் பின் எனக்கும் தங்கைக்கும் பொதுவாக வந்தது. நான் அதைத் தட்டச்சு செய்து, பிழை திருத்துபவரிடம் இரண்டு முறை கொடுத்து, அந்தச் செலவையும் சேர்த்து விலை வைத்து விற்று வந்தேன். அதன் பிறகு புகார்தாரர் அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, கணினி தானாக எழுத்தாக மாற்றியதைத் திருத்தாமல், பாதி விலைக்குத் தம் இணையக் கடையில் போட்டார். நான் குறைத்தேன், அவரும் குறைத்தார். அதன் பிறகு எனக்குக் கட்டுப்படியாகாமல் பிழை திருத்துபவரை நிறுத்தினேன். அவர் கண்ணாடியை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒரு வாசகி போன் செய்து, "உங்கப்பா வானிலை எழுதினாரா, காதல் கதை எழுதினாரா?" என்று சிரித்தார். மலிவுப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். மேகம் என்று வரும் இடமெல்லாம் மோகம் என்றிருந்தது. மலைமேல் மோகம் மெல்ல இறங்கியது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பகலில் தங்கை வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. தங்கை கட்டிலில் கண் மூடிப் படுத்திருந்தாள். ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. அதன் நிழல் அவள் முகத்தில் ஊர்ந்து, கலைந்து, மறுபடி ஊர்ந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு அவர்கள் கடையை நடத்தும் கணினி முன் உட்கார்ந்தேன். கடவுச்சொல் கேட்டது. தங்கை கண் திறக்காமலே, "அப்பா என்னைக் கூப்பிடுற பேரு" என்றாள்.

"முழிச்சிட்டுத்தான் இருக்கியா?"

"தூங்குறேன்னு வெச்சுக்கோக்கா."

அந்தப் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டதற்கு, அது வீட்டுக்குள் கூப்பிடுவது, சொல்ல விருப்பமில்லை என்றேன்.

அதன் பிறகு அவர்கள் கோப்பை நீக்கி, திருத்திய என் கோப்பை ஏற்றினேன். விலையைத் தொடவில்லை. நல்ல பிரதியே அங்கு மலிவாகக் கிடைத்தால் என்னிடம் யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தே செய்தேன். அவர் விற்பனை ஏறியது. நான் ஈ ஓட்டினேன். அதன் பிறகுதான் தம் கடைக்குள் ஆள் நுழைந்ததாக அவர் புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று இங்கே வருமுன் பார்த்தேன். அவர்கள் கடையில் விலை ஏறி, நான் முதலில் வைத்த விலையே இருந்தது. அதை நான் மாற்றவில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்)